ஃபெயில்சேஃப்புக்கு "தொடர்பறுநிலை"ன்னு வைக்கலாம்ங்கிறேன், காரணத்தோட

அன்பின் நண்பர்களுக்கு,

ரேடியோவால ஓட்டுற மொடல் ப்ளேனோட பழைய 35 மெகாஹேர்ட்ஸ் செட்டை 2.4 கிகாஹேர்ட்ஸுக்கு மாத்துறதுக்கு நாம எழுதுற கைநூல்ல, தமிழ்ச் சொல்லு வைக்கிற விஷயம் பாதிக்கு மேல முடிஞ்சிருச்சு. ஃப்ரீக்குவென்சிக்கு மீடிறன், நம்ம பாடப்புத்தகத்துலயே இருக்கிற சொல்லு, அதுல யாருக்கும் பேச்சில்ல. ட்ரான்ஸ்மிட்டரையும் ரிசீவரையும் ஒண்ணோட ஒண்ணு இணைக்கிற பைண்டுக்கு "சோடி சேர்த்தல்", மீடிறனை மாத்தி மாத்திப் பாயுற ஹொப்பிங்குக்கு "மீடிறன் தாவல்", ரெண்டும் நல்லா உக்காந்துருச்சு. சேர்வோ (ப்ளேனோட தட்டுகளை அசைக்கிற சின்ன மோட்டர்), ரிசீவர் (ப்ளேன்ல சிக்னலை வாங்குறது), மொடியுல் (சிக்னலை அனுப்புற துண்டு) எல்லாம் அப்படியே கிடக்கட்டும், கடையில போய் அந்தப் பேரைச் சொல்லித்தானே கேக்கப் போறோம். இழுத்துக்கிட்டு நிக்கிறது ஃபெயில்சேஃப், அதாவது சிக்னல் அறுந்தா ப்ளேன் என்ன செய்யணும்ங்கிற ஏற்பாடு, அது ஒண்ணுதான்.

> "பாதுகாப்பு நிலை"ன்னே போட்ருவோமே, புள்ளைகளுக்கு லேசா விளங்கும்

மாஸ்டர், லேசா விளங்கும், ஆனா தப்பா விளங்கும். புதுசா பறக்க விடுற பையன் "பாதுகாப்பு நிலை"ன்னு வாசிச்சா சிக்னல் போனாலும் ப்ளேன் பத்திரமா வந்துரும்னுதான் எடுத்துக்குவான். நம்ம சாதாரண ப்ளேன்ல ஃபெயில்சேஃப் இருக்கிறது ப்ளேனைக் காப்பாத்துறதுக்கு இல்லையே. சிக்னல் அறுந்த உடனே மோட்டரை நிப்பாட்டி, அது முழு வேகத்துல எங்கயாவது ஓடிப் போய் யார் மேலயாவது பாயாம, பக்கத்துலயே இறங்க வைக்கிறதுக்குத்தான் அது. நம்ம பக்கம் கீழ யாரு இருப்பாங்க? சரிவுல கொழுந்து எடுத்துக்கிட்டு நிக்கிற அம்மாமாரு. கையும் கண்ணும் செடியிலயே இருக்கும், மேல என்ன வருதுன்னு பாக்க நேரமிருக்காது. ப்ளேன் உடைஞ்சா ஒட்டிக்கலாம். அதனால இந்தச் சொல்லுல பாதுகாப்புங்கிற வார்த்தையே வரக்கூடாதுங்கிறதுல நான் உறுதியா இருக்கேன்.

பதுளை ரயில் பாதையை நினைச்சுப் பாருங்க. வாக்குவம் பிரேக் உள்ள பெட்டியில குழாய் கழண்டா காத்து உள்ள பூந்து பிரேக் தானா புடிச்சிரும். நின்ன ரயில் பத்திரமான ரயில், அங்க "பாதுகாப்பு"ன்னு சொன்னா பொருந்தும். வானத்துல நிக்கிறதுன்னு ஒண்ணு கிடையாது. சிக்னல் அறுந்தா என்ன நடக்கணும்னு நாமதான் முன்கூட்டியே முடிவு பண்ணி ரிசீவருக்குச் சொல்லி வைக்கணும், சொல்லாம விட்டா அது தன் பாட்டுக்கு எதையாவது செய்யும். அதனால சொல்லு விளைவைச் சொல்லாம, எப்ப நடக்குதுங்கிறதைச் சொன்னாப் போதும். தொடர்பு அறுந்தா வர்ற நிலை. தொடர்பறுநிலை.

செட் மாத்துறவங்களுக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம்னு கைநூல்ல கொஞ்சம் விரிவா எழுதணும்னு கேட்டுக்கிறேன். பழைய பிபிஎம் செட்ல (கட்டளையைத் துடிப்போட இடைவெளியா அனுப்புற வகை) ஃபெயில்சேஃப்னு ஒண்ணு பெரும்பாலும் இல்ல. சிக்னல் பலவீனமானா சேர்வோ வெடவெடன்னு நடுங்கும், ப்ளேன் லேசா துள்ளும், அதைப் பாத்து திருப்பிக் கொண்டு வந்துருவோம். பழைய ஆளுங்களுக்கு அந்த நடுக்கம்தான் எச்சரிக்கை. பிசிஎம் (கட்டளையை எண்ணா மாத்தி அனுப்புற வகை) வந்தப்போ ஃபெயில்சேஃப் வந்துச்சு, ஆனா நம்ம கையில கிடைச்ச பழைய செட் நிறைய பிபிஎம்தானே. 2.4ல நடுக்கம் கிடையாது, கடைசி வரைக்கும் சுத்தமா பறக்கும், அப்புறம் ஒரேயடியா போயிரும். டெலிமெட்ரி (ப்ளேன்ல இருந்து தகவல் திரும்பி வர்ற வசதி) இருக்கிற செட்னா சத்தம் போட்டு சொல்லும், இல்லாததுல ஒண்ணுமே தெரியாது. அதுக்கு மேல மலை. 35ல அலைநீளம் எட்டரை மீட்டர், மேடு பள்ளத்தைச் சுத்தி கொஞ்சமாவது வளைஞ்சு போகும். 2.4ல பன்னிரண்டரை சென்ரிமீட்டர்தான், அன்டெனாவே ஒரு மீட்டர் வயர்ல இருந்து 31 மில்லிமீட்டருக்குச் சுருங்கிருச்சு, ஆனா அந்த அலை நேர்கோட்டுலதான் போகும், மழை புடிச்ச மரத்துக்குள்ள பூந்து வர்றதுக்குள்ள செத்துரும். ஹட்டன், தலவாக்கலை பக்கம் ஒரு மலை மூக்கைத் தாண்டி ப்ளேன் அந்தப் பக்கம் திரும்புச்சுன்னா அவ்வளவுதான். தட்டையான ஊருக்காரங்களை விட நமக்குத்தான் இந்தச் சொல்லு அதிகம் தேவைப்படும்.

> "அறுநிலை"ன்னு சுருக்கலாமே, வாயில நல்லா வருது

பண்டாரவளை அண்ணன் சொன்னது எனக்கும் முதல்ல புடிச்சுது, ஆனா வேணாம். அறுன்னா ஆறும்தானே. இப்ப வர்ற சில ட்ரான்ஸ்மிட்டர்ல ஆறு இடத்துக்கு மாத்துற சுவிட்சே இருக்கு, "அறுநிலையைச் சரி பாருங்க"ன்னு எழுதினா பையன் அந்த சுவிட்சைத்தான் தேடுவான். நீளமா இருந்தாலும் தொடர்பறுநிலைன்னே முழுசா எழுதுவோம்.

அதுக்குள்ள மூணு வகை இருக்கு, இதுக்கும் இப்பவே பேர் வச்சிரலாம். கடைசியா வந்த கட்டளையையே ரிசீவர் புடிச்சுக்கிட்டு இருக்கிறது "கடைசிநிலை". நாம முன்கூட்டியே குடுத்த இடத்துக்குப் போறது "முன்வைத்த நிலை". ரிசீவர், கட்டளையா போற மின் துடிப்பை அனுப்புறதையே விட்டுர்றது "துடிப்பு நிறுத்தம்", இதுல ஈஎஸ்சி (மோட்டர் வேகத்தைக் கட்டுப்படுத்துற கருவி) துடிப்பு காணோம்னு மோட்டரை நிப்பாட்டும். மூணுலயும் த்ராட்டிலுக்கு (மோட்டர் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிறதுக்கு) ஆகவே ஆகாதது கடைசிநிலை, முழு வேகத்துல போறப்ப அறுந்தா முழு வேகத்துலயே போகும். கைநூல்ல அதை தடிச்ச எழுத்துல போடணும்.

இன்னொண்ணு, இது சொல்லு விஷயம் இல்ல, ஆனா எழுதாம விட்டா ஆபத்து. ப்யூட்டாபா பழைய செட்ல த்ராட்டில் சேனல் மத்த கம்பெனிகளுக்கு எதிர்ப்பக்கம் ஓடும். அந்த ட்ரான்ஸ்மிட்டர் பெட்டிக்கு ட்ரெயினர் சொக்கெட் (பழக்குறதுக்கு இன்னொரு பெட்டியை இணைக்கிற துளை) வழியா வேற கம்பெனி 2.4 மொடியுல் போட்டா, "குறைஞ்ச த்ராட்டில்"னு நினைச்சு வைக்கிற துடிப்பு உண்மையில முழு த்ராட்டிலா இருக்கலாம். அதனால முதல்ல த்ராட்டில் திசையைச் சரி பண்ணணும், அப்புறம் சோடி சேர்க்கணும், அதுக்குப் பிறகுதான் தொடர்பறுநிலை வைக்கணும். சில ரிசீவர் சோடி சேர்க்கிற நேரத்துல ஸ்டிக் எங்க இருக்கோ அதையே தொடர்பறுநிலையா எழுதிக்கும், அந்த மாதிரி ரிசீவர்னா திசையை மாத்தின பிறகு திரும்ப சோடி சேர்த்தே ஆகணும். இந்த வரிசை மாறக்கூடாது.

கைநூல்ல அந்தப் பகுதிக்கு நான் எழுதி வச்சிருக்கிறது இது:

"ப்ரொப்பெல்லரைக் கழற்றி வையுங்கள். ப்ளேனை அசையாமல் கட்டுங்கள். த்ராட்டிலைப் பாதிக்குக் கொண்டுவந்து ட்ரான்ஸ்மிட்டரை அணையுங்கள். மோட்டர் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் தொடர்பறுநிலை சரியாக அமைக்கப்படவில்லை, பறக்க விட வேண்டாம். ஒவ்வொரு முறை சோடி சேர்த்த பிறகும், த்ராட்டில் திசையை மாற்றிய பிறகும் இதைத் திரும்பச் செய்யுங்கள்."

பெட்ரோல், க்ளோ எஞ்சினுக்கு இது அப்படியே பொருந்தாது, அங்க சேர்வோ கை கார்புரேட்டரை மூடுற பக்கம் போகுதான்னு எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமலே பாக்கணும், அதுக்குத் தனியா ரெண்டு வரி யாராவது எழுதித் தாங்க. க்ளைடர் வச்சிருக்கிற ஹப்புத்தளை ஆளுங்களும் சொல்லுங்க, மோட்டர் இல்லாததுல தொடர்பறுநிலைக்கு ஸ்பொய்லரை (இறக்கை மேல எழும்பி ப்ளேனைக் கீழ இறக்குற தட்டு) தூக்குறீங்களா இல்ல ரடரை (வால்ல பக்கம் திருப்புற தட்டு) ஒரு பக்கம் கொஞ்சம் குடுத்து வட்டம் போட விடுறீங்களா? காத்து மேல தள்ளுற சரிவுல எது ப்ளேனை சீக்கிரம் கீழ இறக்குதுன்னு உங்களுக்குத்தான் தெரியும், நீங்க எழுதினதை அப்படியே சேர்த்துக்கிறேன்.