கரியமில வாயு கூடினால் கொழுக்கட்டைப் புல் செழிக்குமா?

கொரங்காட்டுக்காரர், காங்கேயம்

எல்லாருக்கும் வணக்கம்ங்க. எங்களுக்குக் காங்கேயம் பக்கம் ஆறு ஏக்கர் கொரங்காடு. சுற்றிலும் கிளுவை வேலி, நடுவில் வெள்வேல மரங்கள், தரையில் கொழுக்கட்டைப் புல். மாடுகளும் கொஞ்சம் செம்மறிகளும் அதில்தான் மேய்கின்றன.

காற்றில் கரியமில வாயு கூடுவது செடிகளுக்குச் சாப்பாடு கூடுகிற மாதிரிதான், மேய்ச்சல் நிலமெல்லாம் இனி செழிக்கும், கவலையே வேண்டாம் என்று ஒருவர் காணொலியில் அடித்துச் சொன்னார். என் காட்டில் நான் அப்படிப் பார்க்கவில்லை. ஐப்பசி மழைக்குப் புல் நன்றாகத்தான் எழும்புகிறது. ஆனால் மாசி முடிவதற்குள் காய்ந்து குச்சியாகிவிடுகிறது, மாடு முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடுகிறது. பார்த்தீனியமோ வேலியோரத்திலிருந்து வருடா வருடம் உள்ளே வருகிறது. அவர் சொன்னது உண்மையா? மண்ணுக்கு இதனால் என்ன ஆகும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மண்வாசி

அண்ணா, நான் மண்ணியல் படித்து மேய்ச்சல் நிலங்களில் வேலை செய்கிறவள். அவர் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அந்தக் கொஞ்சத்தை வைத்துக் கவலையே வேண்டாம் என்று முடிப்பதுதான் எனக்குக் கோபம்.

முதலில், எல்லாச் செடியும் ஒன்றில்லை. கரியமில வாயுவைப் பிடித்து உணவாக்கும் விதத்தை வைத்து சி3, சி4 என்று பிரிப்போம். நெல், பயறு வகைகள், பெரும்பாலான மரங்கள் சி3 வகை. கொழுக்கட்டை, சோளம், கரும்பு, அருகு எல்லாம் சி4 வகை. சி4 செடிகள் கரியமில வாயுவை இலைக்குள்ளேயே ஓரிடத்தில் திரட்டிப் பயன்படுத்துகின்றன. அதனால் காற்றில் கூடும் வாயு அவற்றுக்கு நேரடியாகப் பெரிய லாபம் இல்லை. 1958-இல் பத்து லட்சம் பங்கு காற்றில் 315 பங்காக இருந்தது இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. இந்த ஏற்றத்தில் முதல் ஆதாயம் சி3 செடிகளுக்கே.

கொழுக்கட்டைக்குக் கிடைப்பது வேறு வழியில், தண்ணீரில். வாயு அதிகம் இருந்தால் இலைத் துளைகள் கொஞ்சம் மூடிக்கொண்டாலே போதும். ஈரம் குறைவாக வெளியேறும், மண்ணில் நீர் மிஞ்சும். அமெரிக்காவில் வயோமிங் மாநிலத்துச் செயென் ஊர்ப் பக்கம் வறண்ட புல்வெளியில் இதைச் சோதித்தார்கள். வளையமாகக் குழாய் பதித்து வாயுவை 600 பங்குக்கு உயர்த்தினார்கள். மேலே சூடேற்றிகள் வைத்துப் பகலில் 1.5 டிகிரி, இரவில் 3 டிகிரி கூட்டினார்கள். 2013 வரை நடந்த சோதனை அது. சூடு மட்டும் கூடிய இடத்தில் மண் காய்ந்தது. இரண்டும் கூடிய இடத்தில், வெப்பம் பறித்த ஈரத்தை வாயு மிச்சப்படுத்திய ஈரம் ஈடுகட்டியது. சி4 புல் நன்றாகவே வந்தது. சோதனை நடந்துகொண்டிருக்கும்போதே, 2011-இல், இந்த முடிவு வெளியானது. அந்தக் காணொலிக்காரர் இதுவரைக்கும்தான் படித்திருக்க வேண்டும்.

அதே நிலத்தில் நடந்த மற்றதையும் சொல்ல வேண்டுமே. புல்லின் தீவனத் தரம் குறைந்தது. வளர்ச்சி கூடினாலும் மண்ணிலிருந்து ஏறும் நைட்ரஜன் (புரதம் உருவாக அதுதான் வேண்டும்) அதே அளவு கூடவில்லை, அதனால் ஒரு பிடி புல்லில் இருக்கும் புரதம் குறைகிறது. இன்னொன்று, புல் மிச்சம் வைத்த ஈரத்தை ஐரோப்பாவிலிருந்து வந்த ஒரு களைச்செடி எடுத்துக்கொண்டு பல மடங்கு பெருகியது. உங்கள் பார்த்தீனியம் இங்கே ஞாபகத்துக்கு வருகிறது இல்லையா? ஆஸ்திரேலியாவில் பார்த்தீனியத்தையும் கொழுக்கட்டைப் புல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வளர்த்தே பார்த்திருக்கிறார்கள். வாயு கூடியபோது கை ஓங்கியது பார்த்தீனியத்துக்குத்தான்.

அப்புறம், செயெனில் குளிர்காலம் பனி கொட்டும். அங்கே வெப்பம் கூடினால் புல் வளரும் காலம் நீளும். காங்கேயத்தில் பங்குனி வெயிலோடு இன்னும் இரண்டு டிகிரி சேர்ந்தால் ஈரம்தான் போகும். அங்கே வந்த விளைச்சலை இங்கே எதிர்பார்க்க முடியாது.

மண்ணைப் பற்றிக் கேட்டீர்கள். இதில் மட்டும் நல்ல செய்தி உண்டு. உலகம் முழுக்க நடந்த நூற்றுக்கும் மேற்பட்ட சோதனைகளை ஒன்றுசேர்த்து 2021-இல் பார்த்தபோது, வாயு கூடிய புல்வெளிகளில் மண்ணின் கார்பன் (மண்ணுக்கு வளம் தரும் மட்கில் இருப்பது) சுமார் 8 சதவீதம் கூடியிருந்தது. காடுகளில் மரம் பருத்தது, மண்ணில் கார்பன் கூடவில்லை. புல் தன் சம்பாத்தியத்தை வேருக்கும் நுண்ணுயிர்களுக்கும் அனுப்புகிறது, அதுதான் காரணம். ஆனாலும் இதை நிரந்தரம் என்று நம்ப மாட்டேன். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் சீடர் கிரீக் என்ற இடத்தில் 20 வருடம் ஒரே சோதனையைத் தொடர்ந்தார்கள். முதல் 12 வருடம் எதிர்பார்த்தபடி சி3 புற்கள்தான் கூடுதல் வாயுவால் பெருகின. அதன்பின் தலைகீழாகி, சி4 புற்கள் முந்தின. மண்ணில் நைட்ரஜன் கிடைக்கும் விதம் மெதுவாக மாறியதுதான் காரணம் என்கிறார்கள். பத்து வருடத்தில் நிறுத்தியிருந்தால் நாம் வேறு கதை பேசிக்கொண்டிருப்போம்.

கால்நடை மருத்துவர், தாராபுரம்

புரதம் பற்றி ஒரு சேர்க்கை. அமெரிக்காவில் 22 வருடமாகச் சேர்த்த 36,000-க்கும் மேற்பட்ட மாட்டுச் சாண மாதிரிகளைப் பார்த்ததில், மேய்ச்சல் மாடுகளுக்குப் புரதப் பற்றாக்குறை கூடிக்கொண்டே வந்தது தெரிந்தது. மேய்ச்சலில் புரதம் ஏழு சதவீதத்துக்குக் கீழே போனால் மாட்டின் முதல் வயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் சோர்ந்துவிடும், வயிறு நிறைந்தும் மாடு இளைக்கும். காய்ந்த புல்லை மாடு முகர்ந்துவிட்டு நகர்வதைச் சாதாரணமாக விட்டுவிடாதீர்கள். அந்த மாதங்களில் உதிரும் வெள்வேலங்காயைப் பொறுக்கிச் சேர்த்து வையுங்கள், கொஞ்சம் கடலைப்புண்ணாக்கும் கொடுங்கள்.

ஊட்டிக்காரன்

நம் மலையிலேயே இதற்குப் பழைய சாட்சி உண்டு. ஊட்டிக்குப் பக்கத்துச் சதுப்புகளில் அடுக்கடுக்காகப் படிந்த கரிமண்ணை ஆராய்ந்து 1993-இல் எழுதினார்கள். சுமார் 20,000 வருடங்களுக்கு முன் காற்றில் இந்த வாயு இன்றைய அளவில் பாதிகூட இல்லை, பருவமழையும் குறைவு. அப்போது இங்கே சி4 புற்கள் ஓங்கியிருந்தன. மழையும் வாயுவும் கூடிய காலத்தில் சி3 செடிகள் ஏறின. புல்லும் மரமும் வாயுவுக்கு ஏற்ப இடம் மாறும் என்பதை மண்ணே எழுதி வைத்திருக்கிறது. இப்போது எங்கள் புல்வெளிகளை வாட்டில் மரம் விழுங்குகிறது. அதுவும் சி3, நைட்ரஜனையும் தானே தேடிக்கொள்ளும். மனிதன் நட்டுத்தான் அது வந்தது. ஆனால் கூடும் வாயு அதற்குத் துணை போகுமோ என்று பயமாக இருக்கிறது.

கொரங்காட்டுக்காரர், காங்கேயம்

ரொம்ப நன்றிங்க. தங்கச்சி, இன்னும் ஒன்று. சில வருடத்துக்கு ஒருமுறை காட்டை உழுது சோளம் விதைப்பது எங்கள் அப்பா காலத்து வழக்கம். புல் மெலிந்துவிட்டதால் இந்த ஆடி மழைக்கு முழுதாக உழுதுவிடலாமா?

மண்வாசி

முழுதாக வேண்டாம் அண்ணா. அந்த வேர்களில்தான் உங்கள் மண்ணின் கார்பன் இருக்கிறது. உழுதால் அது வேகமாகக் கரையும், ஆழத்தில் கிடக்கும் பார்த்தீனிய விதையும் மேலே வரும். வழுக்கையான இடத்தை மட்டும் கிளறிக் கொழுக்கட்டை விதை தூவுங்கள். மழைக்குப் பின் புல் விதை கட்டும்வரை காட்டின் ஒரு பாதியில் மாடு விடாதீர்கள். பார்த்தீனியத்தைப் பூக்கும் முன்னால் கையுறை போட்டுக்கொண்டு வேரோடு பிடுங்குங்கள், வேலியோரத்திலிருந்தே தொடங்குங்கள்.