மூன்று நாளில் 3 கிலோவா? எந்தத் தராசில் நிறுத்தீர்கள்?

டிரெஸ்ஸர் மகன்:
நேற்றுச் சாயங்காலம் பேராக், சுங்கை சிப்புட் திடலில் ஓர் அண்ணன் இரண்டு பையன்களிடம் சொன்னதைக் கேட்டதிலிருந்து மனசு ஆறவில்லை. "ரெண்டு வருஷம் சும்மா கிடந்த உடம்பு. கழுவாமல் ஓட இறங்கினால் நஞ்சு ரத்தத்தில் ஏறிடும். முதலில் 3 நாள் ஜூஸ் மட்டும் குடி. எனக்கு 3 கிலோ இறங்கிச்சு" என்றார். அந்த ஜூஸ் பொட்டலம் 180 வெள்ளி (ரிங்கிட்). மாதம் 1,700 வெள்ளி சம்பளத்தில் செம்பனைக் குலை வெட்டும் பையனுக்கு அது ஏறக்குறைய மூன்று நாள் கூலி. கையில் இருப்பதைக் கொடுத்துவிட்டுப் பட்டினியும் கிடக்க வேண்டுமா?

பச்சைச்சாறு:
அந்த அண்ணன் நான்தான். நேரில் நின்று கேட்காமல் இங்கே வந்து எழுதுவது என்ன பழக்கம் தம்பி? 82 இருந்தேன், 79 ஆனேன். வயிறு லேசானது, அப்புறம்தான் ஓடவே மனசு வந்தது. என் உடம்பு எனக்குத் தெரியாதா?

டிரெஸ்ஸர் மகன்:
சரி அண்ணே, எந்தத் தராசு? இரண்டு முறையும் ஒரே தராசா? காலையில் வெறும் வயிற்றிலா, இல்லை சாப்பிட்ட பிறகா? ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறக்குறைய 7,700 கலோரி செலவாக வேண்டும். மூன்று நாள் பச்சைத் தண்ணீரோடு கிடந்தாலும் ஒரு கிலோ கொழுப்பு போகாது. கல்லீரலும் தசையும் சர்க்கரையைக் கிளைக்கோஜனாகச் சேர்த்து வைக்கின்றன. அதில் ஒவ்வொரு கிராமோடும் சுமார் 3 கிராம் தண்ணீர் ஒட்டியிருக்கிறது. சோற்றை நிறுத்தினால் அது கரைந்து தண்ணீரும் இறங்கும். நாலாம் நாள் நாசி லெமாக் சோறு சாப்பிட்டதும் திரும்பி வரும். ஓடுகிற காலுக்கு வேண்டிய தீனியே அந்தச் சர்க்கரைதான். அதைக் காலி செய்துவிட்டா திடலுக்குப் போவது?

லயத்து வீடு:
தம்பி, சின்ன வயதில் சனிக்கிழமை காலை என்றால் பாட்டி விளக்கெண்ணெயோடு நிற்பார். மூக்கைப் பிடித்து ஊற்றுவார். வயிறு சுத்தமானால் நோய் அண்டாது என்பார். என் அப்பா 70 வயது வரை கண்ணாடி போடாமல் ரப்பர் பால் வெட்டினார். பெரியவர்கள் எல்லாம் முட்டாள்களா?

டிரெஸ்ஸர் மகன்:
அக்கா, முட்டாள் என்று நான் எங்கே சொன்னேன்? என் அப்பா தோட்டத்து மருந்தகத்தில் மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர். பூச்சி மருந்து கொடுத்தவரே அவர்தான். அன்று தோட்டத் தொழிலாளர் லயத்துப் பிள்ளைகள் வயிற்றில் பூச்சி இருந்தது, காரணத்தோடு கொடுத்தார்கள். உங்கள் அப்பாவைக் காப்பாற்றியது விடியுமுன் ஐந்நூறு மரத்துக்கு நடந்த நடை. அந்த நடைக்கு முன்னால் அவர் மூன்று நாள் ஜூஸ் குடித்தாரா?

கடைத்தெரு:
நஞ்சு நஞ்சு என்கிறீர்களே, எந்த நஞ்சு? பேர் சொன்னால் நாங்களும் தெரிந்துகொள்வோம்.

பச்சைச்சாறு:
தராசு, தராசு! கிளினிக் தராசு தம்பி, போதுமா? தைப்பூசத்துக்கு 48 நாள் விரதம் இருக்கிறோமே, அது உடம்பைச் சுத்தம் செய்வதில்லையா? அதையும் தப்பு என்று எழுதுங்கள், ஊர் என்ன சொல்கிறது பார்ப்போம்.

வேல் காவடி:
ஐயா, அதை இதில் இழுக்காதீர்கள். என் தம்பி மூன்று வருடமாகப் பத்துமலைக்குக் காவடி எடுக்கிறான். விரதத்தில் சோறும் காய்கறியும் உண்டு. அது வேண்டுதல், 180 வெள்ளிப் பொட்டலம் இல்லை. மன்னிப்புக் கேளுங்கள்.

பச்சைச்சாறு:
நான் எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்? பந்து கிளப்புக்குத் தர வேண்டிய 60 வெள்ளியை டிரெஸ்ஸர் மகன் இன்னும் தரவில்லை, முதலில் அதைக் கேளுங்கள்.

டிரெஸ்ஸர் மகன்:
அந்த 60 வெள்ளியைத் தீபாவளிக்கு முன்பே செயலாளர் கையில் கொடுத்துவிட்டேன், ரசீது இருக்கிறது. பேச்சை மாற்றாதீர்கள். நான் ஏன் விடாமல் கேட்கிறேன் என்று சொல்கிறேன். போன மாதம் என் மச்சான் இதே ஜூஸை மூன்று நாள் குடித்தார். இனிப்பு நீருக்கு (நீரிழிவுக்கு) மாத்திரை எடுப்பவர், மாத்திரையையும் நிறுத்தவில்லை. நாலாம் நாள் காலை ஓட வந்தார். இரண்டாம் சுற்றில் கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சட்டை பிழிந்தால் தண்ணீர் சொட்டும் அளவுக்கு வியர்வை, ஆனால் கை ஜில்லென்று இருந்தது. என் பெயரைக் கேட்டேன், தெரியாமல் விழித்தார். விரலில் குத்திப் பார்த்தால் ரத்தச் சர்க்கரை 3.1 மில்லிமோல். நாலுக்குக் கீழே போனாலே ஆபத்து. கேண்டீன் அக்கா கெட்டிப்பால் ஊற்றிய மைலோவோடு ஓடி வந்தார். கப்பைப் பிடிக்க மச்சானுக்குக் கை நிற்கவில்லை, நான்தான் வாயில் வைத்தேன். 2019 தேசிய சுகாதார ஆய்வில் மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. திடலில் பத்துப் பேர் நின்றால் இரண்டு பேர் அப்படி இருப்பார்கள். யாரென்று உங்களுக்குத் தெரியுமா அண்ணே?

லயத்து வீடு:
ஐயோ, மச்சான் இப்போது எப்படி இருக்கிறார்? ஆனாலும் தம்பி, அது மாத்திரையால் வந்தது, ஜூஸால் இல்லை.

டிரெஸ்ஸர் மகன்:
நன்றாக இருக்கிறார் அக்கா. சாப்பிடாமல் மாத்திரை போட்டதால் வந்தது. சாப்பிடாதே என்று சொன்னது யார்? இன்னொன்று. பெலிம்பிங் (நட்சத்திரப் பழம்) சாறும் நச்சு நீக்கும் என்று கொடுக்கிறார்கள். சிறுநீரகம் பழுதானவருக்கு அந்தப் பழம் வலிப்பையே கொண்டுவரும், உயிரும் போகலாம். நல்ல சிறுநீரகம் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் வடிகட்டுகிறது. கழுவுகிற வேலையை அது பார்த்துக்கொள்ளும். நீங்கள் சோறு, மீன், முட்டை, கீரை சாப்பிட்டுவிட்டு முதல் வாரம் 15 நிமிடம் நடங்கள். அடுத்த வாரம் கூட்டுங்கள்.

பச்சைச்சாறு:
உங்கள் மச்சானுக்கு வந்தது எனக்கு வரவில்லை. 82, 79. அட்டையில் நர்ஸ் எழுதிய கையெழுத்தே இருக்கிறது.

டிரெஸ்ஸர் மகன்:
அட்டையில் தேதி இருக்குமே. 79 என்று எழுதிய தேதி என்ன? இன்று காலை எவ்வளவு?

கடைத்தெரு:
எந்த நஞ்சு என்று கேட்டிருந்தேன்.

வேல் காவடி:
மன்னிப்பு இன்னும் வரவில்லை.

பச்சைச்சாறு:
நாளை காலை 6 மணிக்குத் திடலுக்கு வாருங்கள். ஆறு சுற்று ஓடிக் காட்டுகிறேன்.

டிரெஸ்ஸர் மகன்:
வருகிறேன். கிளினிக் அட்டையைக் கொண்டு வாருங்கள்.