'கிட் ஏ': பத்தா, ஒன்றரையா?

தீபன், சுங்கை சிப்புட்:
இங்கிலாந்து ராக் குழு ரேடியோஹெட்டோட 'கிட் ஏ' ஆல்பம் சீடி ஈப்போவுல பழைய சாமான் கடையில கெடச்சுச்சு. போட்டுக் கேட்டேன், பிடிபடல. 2000-ல வந்த விமர்சனங்களத் தேடினா பிட்ச்ஃபோர்க்குங்குற இசை வலைத்தளம் பத்துக்குப் பத்து குடுத்திருக்கு, மெலடி மேக்கர்ங்குற இசைப் பத்திரிகை அஞ்சுக்கு ஒன்றரை. ஒரே ஆல்பத்துக்கா? யாரை நம்புறது?

குளுவாங் ராக்கன்:
அவங்களோட முந்தின ஆல்பம் 'ஓகே கம்ப்யூட்டர்' கேட்டு வளர்ந்தவன்கிட்ட கித்தாரை ஒளிச்சு வச்சா எப்படி? ஒன்றரையே ஜாஸ்தி லா.

குலை லாரி:
தம்பி, அந்த ஆல்பம் வெளியாகுறதுக்கு முன்னாடி விமர்சகருங்க கையில காப்பி தரல. ஒரு எடத்துல உட்கார வச்சுப் போட்டுக் காட்டினாங்க. சிங்கிள்னு தனிப் பாட்டும் விடல. ஒரே தடவை கேட்டா எவனுக்கும் கடுப்புதான் வரும். (மெலடி மேக்கரை அந்த வருஷக் கடைசியிலேயே மூடிட்டாங்க, அது வேற கதை.)

எனக்குக் கோவம் ஒன்றரை மேல இல்ல. நிக் ஹார்ன்பின்னு ஒரு நாவலாசிரியர், நியூ யார்க்கர் பத்திரிகையில எழுதுனார்: சம்பளத்துக்கு வேலை செய்யுற வயசுல இதுக்கெல்லாம் பொறுமை ஏதுங்குற மாதிரி. நான் செம்பனைக் குலை ஏத்துறவன். காய் அதிகமா விழுற மாசத்துல மில்லு வாசல்ல லாரி வரிசை நகராது. அம்பது நிமிஷ ஆல்பம் முடிஞ்சிரும், நம்ம லாரி அதே எடத்துல நிக்கும். சம்பளக்காரனுக்குத்தான்யா நேரம் இருக்கு!

மொதல் பாட்டோட தாளத்தை நாலு நாலா எண்ணாதே, பத்து பத்தா எண்ணு. திருவிழாவுல உறுமி அடிச்ச கை, ஸ்டியரிங்ல தட்டித்தான் கண்டுபிடிச்சேன். 'இடியோடெக்' பாட்டுல வர்ற அந்த நாலு கார்டு (சேர்ந்து ஒலிக்குற சுரங்க), பால் லான்ஸ்கிங்குற இசையமைப்பாளர் 1973-ல கம்ப்யூட்டர்ல செஞ்ச இசையிலேர்ந்து வெட்டினது, சில விநாடிதான். அத வச்சே மொத்தப் பாட்டையும் ஓட்டிட்டானுங்க. ஆனா 'ட்ரீஃபிங்கர்ஸ்' பாட்டு வந்தா நான் அடுத்ததுக்குத் தள்ளிருவேன். பத்து குடுத்தவன் அங்க தூங்கியிருப்பான்.

தீபன்:
அண்ணே, எண்ணிப் பார்த்தேன், ஏழுல தடுமாறுது.

குலை லாரி:
அப்ப அதே ஆல்பத்துல 'நேஷனல் அந்தம்' பாட்டைப் போடு. அந்த பேஸ் கித்தார் ஒரே சுத்து, பாடகர் தாம் யார்க்கே வாசிச்சது. மேல பித்தளை ஊதிகள் சண்டை போடும்போதும் பேஸை விட்டுடாதே. அப்புறம் 2001-ல வந்த அவங்களோட அடுத்த ஆல்பம் 'அம்னீசியாக்' கேளு, அதே ரெக்கார்டிங்ல மிச்சம் இருந்தது. அதுவும் பிடிக்கலன்னா சீடிய எங்கிட்ட தள்ளு, என்னோடது டேஷ்போர்டு வெயில்ல வளைஞ்சு கெடக்கு.