மறு: டார்கெட் டிரான்சிஷன் – தமிழில் என்ன சொல்லலாம்?

குழும நண்பர்களுக்கு வணக்கம். துப்பாக்கி சுடும் விளையாட்டில் வரும் ‘டார்கெட் டிரான்சிஷன்’ என்பதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இழையில் வந்த யோசனைகளுக்கு என் பதில் இது.

> ‘இலக்கு மாற்றம்’ என்றே வைத்துவிடலாமே, எளிமையாக இருக்கிறது.

எளிமைதான் ஐயா. ஆனால் சென்னை ரேஞ்சில் “டார்கெட்டை மாத்து” என்றால் பையன் புது இலக்கு அட்டையை எடுத்துக்கொண்டு ஓடுவான். நாம் பெயர் தேடுவது, ஓர் அட்டையில் கடைசிக் குண்டு போனதிலிருந்து அடுத்த அட்டையில் முதல் குண்டு போகும்வரை நடப்பதற்கு. ‘இலக்குத் தாவல்’ பொருந்தும் என்பது என் கருத்து.

அதைவிட அவசரமாக வேண்டிய சொல் ஒன்று உண்டு. ஐபிஎஸ்சி போட்டியில் (பல இலக்குகளை அடுத்தடுத்து வேகமாகச் சுடும் போட்டி) புள்ளிகளை நேரத்தால் வகுத்துத்தான் கணக்கு என்பதால், எல்லோரும் துப்பாக்கியை வேகமாகத் திருப்பப் பார்க்கிறார்கள். முதலில் போகவேண்டியது கண். குண்டு கிளம்பும்போது குறி எங்கே நின்றது என்று பார்த்த உடனே, கண் அடுத்த அட்டையில் ரூபாய் நாணயம் அளவு இடத்தில் போய் உட்கார வேண்டும். துப்பாக்கி அங்கே வந்து சேரும். பரதத்தில் கை போன வழியே கண் போகும், இங்கே நேர் எதிர். இதற்கு ‘முந்துபார்வை’ என்று முன்வைக்கிறேன்.

பிழை துளையிலேயே தெரியும். இடமிருந்து வலம் சுடும்போது முதல் அட்டையின் கடைசித் துளை வலப்பக்கம் ஒதுங்கினால், கண் சீக்கிரமே விலகிக் கையையும் இழுத்துக்கொண்டது. இரண்டாம் அட்டையின் முதல் துளை இடப்பக்கம் என்றால், துப்பாக்கி வந்து சேருமுன் டிரிகர் அழுந்திவிட்டது. வலப்பக்கம் என்றால் தாண்டிப் போய்விட்டது. பெரும்பாலும் அட்டை முழுவதையும் பார்த்ததால், அல்லது தோள் இறுகியதால். ரெட் டாட் (குறிபார்க்கச் சிவப்பு ஒளிப்புள்ளி காட்டும் கருவி) வைத்திருப்பவர்கள் செய்வது வேறு: அந்தச் சிவப்புப் புள்ளியின் பின்னாலேயே கண்ணை ஓட்டி வருவார்கள். அப்போது கை போகும் வேகம்தான் கண்ணுக்கும்.

> உடலியலில் ‘விழித்தாவல்’ என்கிறார்களே, அதையே எடுத்துக்கொண்டால்?

அது கண்மணியின் அசைவை மட்டும் குறிக்கும். ஏறத்தாழ 20 பாகைக்கு மேல் போனால் தலையும் சேர்ந்து திரும்பும். ஐபிஎஸ்சியில் அப்படி அகன்று நிற்கும் அட்டைகள் சகஜம். முந்துபார்வை இரண்டையும் அடக்கும்.

வீட்டில் சோதிக்க விரும்புவோருக்கு: அறையில் தோட்டாவே இருக்கக்கூடாது, துப்பாக்கி காலி என்று இரண்டு முறை பார்க்கவும். சுவரில் 1 மீட்டர் இடைவெளியில் மூன்று ஸ்டிக்கர் பொட்டு ஒட்டி, 3 மீட்டர் தள்ளி நிற்கவும். இது சுமார் 18 பாகை. முதலில் வெறுங்கண்ணால் பொட்டுக்குப் பொட்டு தாவவும். கண் பொட்டில் நின்ற பிறகே கை நகரட்டும். டிரிகரை அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை. ஒலிம்பிக்கில் உள்ள 25 மீட்டர் ரேபிட் ஃபயர் பிஸ்டல் போட்டிக்கு ‘முந்துபார்வை’ என்ற சொல்லைத் திணிக்க வேண்டாம். அங்கே ஐந்து இலக்குகளும் 75 செ.மீ. இடைவெளியில், அதாவது 2 பாகைக்கும் குறைவாக நிற்கின்றன. ரெட் டாட்டுக்கும் அனுமதியில்லை. முன்குறியிலேயே (துப்பாக்கி முனையில் உள்ள குறிமுளை) கண்ணை வைத்து, இடுப்போடு உடம்பு முழுவதும் திரும்பத்தான் பயிற்றுவிக்கிறார்கள். ‘இலக்குத் தாவல்’ மட்டும் இரண்டுக்கும் பொது.

துப்பாக்கி தாண்டிப் போவதற்கு ‘மிகைவீச்சு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். வீச்சு என்றால் குண்டு போகும் தூரம் என்று ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பதால் குழப்பும். ‘குறிதாண்டல்’ சரிவருமா? மாற்று இருந்தால் எழுதுங்கள்.

அன்புடன்,
எழும்பூர், சென்னை