ட்ரோன் காட்சி எக்ஸ்போர்ட் செய்தபின் வெட்டி வெட்டி ஓடுகிறது: உதவி தேவை

கேள்வி (கானாடுகாத்தான்)

வணக்கம். எங்கள் ஊரில் உறவினர் வீட்டு மணிவிழாவை ஒளிப்பதிவு செய்து, இப்போது எடிட்டிங் வேலையில் இருக்கிறேன். சடங்குகள் முழுவதையும் கேமராவிலும், வீட்டின் வெளித்தோற்றத்தை மட்டும் 250 கிராமுக்குக் குறைவான சிறிய ட்ரோனிலும் எடுத்தோம். முகப்பில் புறப்பட்டு, வளவு என்னும் முதல் கட்டின் முற்றத்துக்கு மேலே சென்று, இரண்டாங்கட்டின் ஓட்டுக் கூரையைக் கடந்து பின்தெருக் கதவு வரை ஒரே ஓட்டமாகப் போகும் காட்சிதான் இந்த வீடியோவின் தொடக்கம். முன்தெருவிலிருந்து பின்தெரு வரை நீளும் வீட்டை அப்படி மேலிருந்து பார்த்தால்தான் அதன் நீளம் புரியும் என்று வீட்டார் விரும்பிக் கேட்டது அது.

மெமரி கார்டில் உள்ள மூலக் கோப்பைத் திறந்தால் காட்சி வழுக்கிக்கொண்டு போகிறது. எடிட் செய்து எக்ஸ்போர்ட் செய்த, அதாவது இறுதி வீடியோவாக வெளியிட்ட கோப்பில் அதே காட்சி நொடிக்குப் பல முறை துள்ளித் துள்ளி நகர்கிறது. ஓட்டு வரிசைகளைக் கடக்கும் இடத்தில் கண்ணை உறுத்துகிறது. பிட்ரேட்டை (ஒரு நொடிக் காட்சிக்குச் செலவாகும் தரவின் அளவை) கூட்டிப் பார்த்தேன், மாற்றமில்லை. சடங்குக் காட்சிகளில் இந்தக் குறை அறவே இல்லை. ட்ரோன் பதிவு 4கே, நொடிக்கு 30 ஃப்ரேம் (தனித்தனிப் படம்). கேமரா பதிவு 25 ஃப்ரேம். கிளிப்களை வரிசையாக அடுக்கும் டைம்லைனும் எக்ஸ்போர்ட்டும் 25. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் உறவினர்களுக்கும் அனுப்ப வேண்டிய வீடியோ என்பதால், குறையோடு கொடுக்க மனம் வரவில்லை. காரணத்தைச் சொல்லி உதவுங்கள்.

பதில் (தேவகோட்டை)

உங்கள் கணினியால் 4கே கோப்பை ஈடுகொடுத்து ஓட்ட முடியாமல் இருக்கலாம். எச்.265 என்ற வீடியோ சுருக்க முறையில் எக்ஸ்போர்ட் செய்திருந்தால், அதை விரித்துக் காட்டும் வசதி கிராஃபிக்ஸ் சிப்பில் இல்லாத பழைய கணினிகளில் தடுமாறக்கூடும். எச்.264 முறையில், 1080 அளவில் ஒரு சிறு பகுதியை மட்டும் எக்ஸ்போர்ட் செய்து பாருங்கள்.

பதில் (காரைக்குடி)

தேவகோட்டை நண்பர் சொல்வது நடக்கக்கூடியதுதான். ஆனால் கணினி தடுமாறினால் சடங்குக் காட்சிகளும் சேர்ந்தே தடுமாற வேண்டும். ஒரே கோப்பில் ஒரு பகுதி நன்றாகவும் மற்றொரு பகுதி துள்ளியும் ஓடுவதால், குறை கோப்பிற்குள்ளேயே பதிவாகியிருக்கிறது என்று கொள்ளலாம். பிட்ரேட் குறைந்தால் படம் கட்டம் கட்டமாகக் கலங்குமே தவிர, அசைவு இப்படித் துள்ளாது.

தம்பி, நீங்கள் எழுதிய 30, 25 என்ற இரண்டு எண்களிலேயே காரணம் இருக்கிறது. நொடிக்கு 30 ஃப்ரேம் உள்ள கிளிப்பை 25 ஃப்ரேம் டைம்லைனில் வைத்தால், மென்பொருள் ஒவ்வோர் ஆறு ஃப்ரேமிலும் ஒன்றைத் தூக்கி எறிந்துவிட்டுத்தான் அதை அதே வேகத்தில் ஓட்ட முடியும். அப்படி எறியப்பட்ட இடத்தில் அசைவு இரண்டு மடங்காகத் தாவும். நொடிக்கு ஐந்து தாவல். மணமேடையில் அமர்ந்திருப்பவர்களின் காட்சியில் இப்படி நடந்தால் யாரும் கவனிக்கப்போவதில்லை. ஓடு ஓடாக அடுக்கிய கூரையின் மேல் ட்ரோன் சீரான வேகத்தில் போகும்போது, ஒவ்வொரு வரிசையும் திரையில் ஓர் அளவுகோல்போல நகர்வதால், ஒரு தாவல்கூட மறைவதில்லை.

இதை நீங்களே சரிபார்க்கலாம். எக்ஸ்போர்ட் செய்த கோப்பை விஎல்சி பிளேயரில் திறந்து நிறுத்திவைத்து, விசைப்பலகையில் ஆங்கில 'E' எழுத்தை ஒவ்வொரு முறையாக அழுத்துங்கள். ஒவ்வோர் அழுத்தத்துக்கும் ஒரு ஃப்ரேம் நகரும். கூரையின் ஓர் ஓட்டு விளிம்பின் மேல் கண்ணை வைத்துக்கொண்டு பாருங்கள். நான்கு நகர்வுகள் ஒரே அளவிலும் ஐந்தாவது ஏறத்தாழ இரட்டிப்பாகவும் மாறி மாறி வந்தால், வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

நம் நாட்டில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் மண்டப விளக்கு வெளிச்சத்தில் மினுமினுப்பு வராமல் இருக்க, கேமராவை 25 ஃப்ரேமிலும் ஷட்டரை (ஒரு ஃப்ரேமுக்கு ஒளி பதிவாகும் நேரத்தை) 1/50 நொடியிலும் வைப்பது நம்மிடையே வழக்கம். ட்ரோன்கள் பெரும்பாலும் 30-இலேயே இருக்கும். யாராவது மாற்றினால்தான் மாறும். டைம்லைனோ, முதலில் போடும் கிளிப்பின் வேகத்தைத் தனதாக்கிக்கொள்ளும் வகையில் பல மென்பொருள்களில் அமைந்திருக்கிறது. ஆகவே இரண்டு கருவிகள் சேரும் இடங்களிலெல்லாம் இந்தச் சிக்கல் வரும்.

தீர்வு எளிது. டைம்லைன் 25-ஆகவே இருக்கட்டும். ட்ரோன் கிளிப்பின் ஃப்ரேம் வேகத்தையே 25 என்று மென்பொருளை ஏற்க வையுங்கள். பிரீமியர் எடிட்டிங் மென்பொருளில் கிளிப்பின் மேல் வலது கிளிக் செய்து, மாடிஃபை பகுதியில் உள்ள இன்டர்ப்ரெட் ஃபுட்டேஜ் என்பதிலும், டாவின்சி ரிசால்வில் கிளிப் ஆட்ரிபியூட்ஸ் என்பதிலும் இந்த வசதி இருக்கிறது. ஒரு ஃப்ரேமும் வீணாகாமல், 30 ஃப்ரேமும் வரிசையாக ஓடும். காட்சி மட்டும் ஏறத்தாழ 83 விழுக்காட்டு வேகத்துக்குக் குறையும். 12 நொடிக் காட்சி 14 நொடியைச் சற்றுத் தாண்டும். இவ்வகைச் சிறிய ட்ரோன்களில் ஒலி பதிவாவதில்லை என்பதால் வேகம் குறைவதால் இழப்பு ஏதும் இல்லை. வீட்டைச் சுற்றிக் காட்டும் காட்சிக்கு அந்த நிதானம் அழகைக் கூட்டவே செய்யும். ஸ்பீடு பெட்டியில் 83 என்று நேரடியாக எழுத வேண்டாம். பல ட்ரோன்களின் உண்மையான வேகம் 29.97 என்பதால் கணக்கு முழுதாகப் பொருந்தாமல், எங்கோ ஒரு ஃப்ரேம் இடறும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி, அண்ணன். நீங்கள் சொன்ன முறையில் ஓட்டு விளிம்பைப் பார்த்தேன். ஐந்தாவது நகர்வு தாவுவது தெளிவாகத் தெரிந்தது. கிளிப்பை 25-ஆக ஏற்க வைத்து மறுபடியும் எக்ஸ்போர்ட் செய்ததும் கூரைக் காட்சி மூலக் கோப்பைப் போலவே சீராக ஓடுகிறது.

ஒரு காட்சியில் மட்டும் குறை நீடிக்கிறது. உச்சி வெயிலில் முகப்பு மாடியின் தூண் வரிசையை ஒட்டி, பக்கவாட்டில் தாழ்வாகப் பறந்து எடுத்தது. ஃப்ரேம் ஃப்ரேமாகப் பார்த்தால் நகர்வு ஒரே அளவில் இருக்கிறது, ஆனால் ஓட விட்டால் தூண்கள் வெட்டி வெட்டி நிற்பதுபோலத் தெரிகின்றன. ஆப்டிகல் ஃப்ளோ என்ற வசதியைப் போட்டதும் தூண்களின் ஓரங்கள் நெளிந்து, இடையில் உள்ள கைப்பிடிச் சுவர் குழைந்துவிட்டது.

பதில் (காரைக்குடி)

இது வேறு சங்கதி. ட்ரோன் பதிவுடன் சப்டைட்டில் கோப்பும் சேமிக்கும் அமைப்பு இயங்கியிருந்தால், அந்தக் கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள். ஒவ்வொரு கணத்திலும் இருந்த ஷட்டர் வேகம் அதில் எழுதப்பட்டிருக்கும். இந்த ரக ட்ரோன்கள் பலவற்றில் லென்ஸின் துளை எஃப் 2.8 அளவிலேயே நிலையாக இருக்கிறது. ஐஎஸ்ஓ என்னும் ஒளியுணர்திறனை 100-இல் வைத்தாலும், நம் பக்கத்து உச்சி வெயிலுக்கு ஷட்டர் 1/3200 நொடி வரை ஏறிவிடும். அவ்வளவு குறுகிய நேரத்தில் பதிவாகும் ஒவ்வொரு ஃப்ரேமும் கூர்மையான நிழற்படம். அசையும் பொருளுக்கு இருக்க வேண்டிய மெல்லிய இழுபடல் அதில் இல்லை. அருகில் உள்ள தூண் ஒரு ஃப்ரேமுக்கும் அடுத்ததற்கும் இடையே நெடுந்தூரம் நகர்வதால், கண் அதைத் தொடர்ச்சியாக ஏற்பதில்லை.

ஆப்டிகல் ஃப்ளோ இருக்கும் ஃப்ரேம்களைக் கொண்டு இல்லாத ஃப்ரேமை ஊகித்து வரைகிறது. ஒன்றுபோல இருக்கும் தூண்கள் வரிசையாக வரும்போது, எந்தத் தூண் எங்கே நகர்ந்தது என்பதில் அது குழம்பிவிடும். செட்டிநாட்டு வீடுகளில் இந்த வசதியைத் தொடவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அந்த இழுபடலைச் செயற்கையாகச் சேர்க்கும் மோஷன் பிளர் எஃபெக்ட் இருந்தால் மிகக் குறைந்த அளவில் போட்டுப் பாருங்கள். போதாவிட்டால், தூண்கள் தொலைவில் தெரியும் பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு, நெருங்கிவரும் பகுதியை வெட்டிவிடுங்கள். மறுபடியும் எடுக்க வாய்ப்பு இருந்தால் அதுவே சிறந்தது: பதிவு 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50, லென்ஸின் முன் வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர். 1/3200-ஐ 1/50-க்குக் கொண்டுவர 64-இல் ஒரு பங்கு வெளிச்சம் போதும். ஆகவே உச்சி வெயிலுக்கு என்டி 64, வெயில் தாழ்ந்த மாலைக்கு என்டி 16 அல்லது அதற்கும் கீழே. ஒரு தூண் திரையின் ஓர் ஓரத்தில் நுழைந்து மறு ஓரத்தில் வெளியேற ஏறத்தாழ ஏழு நொடி ஆகும்படி மெதுவாகப் பறக்கவும்.

பதில் (தேவகோட்டை)

இன்னொன்றையும் கவனத்தில் வையுங்கள். கணினித் திரை பெரும்பாலும் 60 ஹெர்ட்ஸில் இயங்குவதால், 25 ஃப்ரேம் வீடியோவில் சில ஃப்ரேம்கள் இரண்டு முறையும் சில மூன்று முறையும் காட்டப்படும். அதிலும் ஒரு மெல்லிய தடுமாற்றம் தெரியும். இறுதிச் சரிபார்ப்பை, வீட்டார் பார்க்கப்போகும் தொலைக்காட்சியிலேயே பென் டிரைவில் போட்டுச் செய்யுங்கள்.

கேள்வி கேட்டவர்

தொலைக்காட்சியில் போட்டுப் பார்த்துவிட்டேன். கூரைக் காட்சியில் குறை இல்லை. தூண் காட்சியின் சப்டைட்டில் கோப்பில் ஷட்டர் 1/2500-க்கு மேலேயே இருக்கிறது. பிளர் போட்டும் மனநிறைவு வரவில்லை. வீட்டாரிடம் பேசியதில், வெயில் தாழ்ந்தபின் மறுபடியும் பறக்கவிட ஒப்புக்கொண்டார்கள். காரைக்குடியில் ஃபில்டர் கிடைத்ததும் 25 ஃப்ரேமில் அந்த ஒரு காட்சியை மட்டும் எடுத்துச் சேர்த்துவிடுகிறேன். இருவருக்கும் நன்றி.