கொமினிகேசன் (ரீலோட், போன் வேலை செய்யும்) கடையில் பிள்ளைகளுக்குச் சுடும் கேம் ஏற்றிக் கொடுப்பதை நிறுத்த வழி?

இடம்: கிளிநொச்சி, கண்டாவளைப் பக்கம். தரம் 6 முதல் 9 வரையான பிள்ளைகள். அன்ட்ராய்ட் 11 போன்கள். வீட்டில் அழித்தாலும் ஃப்ரீ ஃபயர், பப்ஜி எல்லாம் கிழமைக்குள் திரும்ப வந்துவிடுகின்றன. போன தவணை விடுமுறையில் தொடங்கியது.

பிளே ஸ்டோரில் வயது வரம்பை 7+ ஆக்கி, பின் நம்பர் போட்டோம். அது ஸ்டோரிலிருந்து இறக்குவதை மட்டும்தான் தடுக்கும். ஏற்கெனவே போனில் கிடப்பதையோ, கடையில் புளூடூத்தில் ஏற்றும் ஏபிகே ஃபைலையோ (ஸ்டோர் இல்லாமலே அப் நிறுவும் ஃபைல்) தொடாது. பிள்ளையின் போனைப் பெற்றோர் கட்டுப்படுத்தும் கூகுளின் ஃபமிலி லிங்க் அப்பில் வெளி அப் நிறுவுவதை மூடலாம், நேரமும் வைக்கலாம். ஆனால் பாதி வீடுகளில் தாயின் போன்தான் பிள்ளைக்கும். பெரியவர் கணக்கில் அது வேலைக்கு ஆகாது.

கிராம அபிவிருத்திச் சங்கம் மூலம் கடைக்காரரோடும் கதைத்தாயிற்று. ஃபைல் ஏற்றுவதும், கேமுக்கு டயமண்ட் (காசுக்கு வாங்கும் கேம் நாணயம்) போட்டுக் கொடுப்பதும் அங்கேதான். "எந்தச் சட்டத்தில இருக்கு?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

சீனா 2021 இல் 18 வயதுக்குட்பட்டோருக்கு வெள்ளி, சனி, ஞாயிறு, அரச விடுமுறை நாட்களில் இரவு 8 முதல் 9 வரை மட்டும் ஒன்லைன் கேம் என்று, அடையாளப் பதிவோடு சேர்த்துக் கட்டியது. அந்தளவு இங்கே ஒருவரும் கேட்கவில்லை. கடை மட்டத்தில் ஒரு கட்டுப்பாடு போதும்.

முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பக்கம் எந்தப் பிரதேச சபையாவது கொமினிகேசன் கடைகளின் வியாபார அனுமதிப்பத்திரத்தில், பெற்றோர் இல்லாமல் வரும் சிறுவருக்குக் கேம் ஏற்றக்கூடாது என்று நிபந்தனை சேர்த்திருக்கிறதா?