சென்டர் ஹாஃபுக்கு அடுத்த ஆள் யார்? எப்படிக் கணக்குப் போடுவது?

மஞ்சக்குப்பம் கோச்:

எல்லோருக்கும் வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் சாயங்காலம் பையன்களுக்கு ஹாக்கி சொல்லித் தருகிறேன். அடுத்த மாதம் டர்ஃபில், அதாவது செயற்கைப் புல் தரையில், ஒரு போட்டிக்குப் போகிறோம். பதினாறு பேர் பட்டியல் எழுத உட்கார்ந்தால் சென்டர் ஹாஃப், அதாவது நடுவில் நின்று பின்வரிசையையும் முன்வரிசையையும் இணைக்கும் ஆள், அந்த இடத்தில் வந்து நின்றுவிடுகிறேன்.

முதல் ஆள் யார் என்பதில் சந்தேகமே இல்லை. பாலிடெக்னிக் படிக்கும் பையன். பந்து வருவதற்கு முன்பே இரண்டு தோளுக்குப் பின்னாலும் திரும்பிப் பார்த்துவிடுவான். அதனால் பந்தை வாங்கும்போதே அடுத்த பாஸ் எங்கே என்று அவனுக்குத் தெரியும். அவனுக்கு அடுத்து மூன்று பேர். ஒருவன் பிளஸ் டூ. கை வேலை பிரமாதம், ஆனால் பொதுத்தேர்வு நெருங்கினால் வீட்டில் விடமாட்டார்கள். இன்னொருவன் ரைட் ஹாஃப், நடுவரிசையில் வலது பக்கம் ஆடுபவன். ஓடிக்கொண்டே இருப்பான், ஆனால் நடுவில் பந்தை வாங்கித் திரும்பத் தயங்குவான். மூன்றாவது, நெல்லிக்குப்பத்திலிருந்து பஸ்ஸில் வரும் சின்னப் பையன். உடம்பு இன்னும் தேறவில்லை, பார்வை மட்டும் நன்றாக இருக்கிறது.

என்னோடு இருக்கும் நண்பர், "நாலு பேர் இருக்காங்க, அப்புறம் என்ன கவலை?" என்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. போன வாரம் புதுச்சேரியில் ஒரு பயிற்சி ஆட்டம். வெயிலில் முதல் ஆளுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது, வெளியே எடுத்தேன். உள்ளே போன பையன் தப்பாக ஒன்றும் செய்யவில்லை. ஆனால் ஆட்டமே எங்கள் பாதியில்தான் நடந்தது. நாலு பேர் இருந்தும் ஒரே ஆளை நம்பி இருப்பது போல ஆகிவிடுகிறதே, அது எப்படி? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

உப்பளத்துப் பழைய ஆட்டக்காரர்:

தம்பி, நல்ல கேள்வி. பெயரை எண்ணாதீர்கள்.

2023 ஹாக்கி உலகக்கோப்பையை நினைத்துப் பாருங்கள். ரூர்கேலாவில் இங்கிலாந்தோடு ஆடும்போது நம் நடுவரிசை ஆட்டக்காரர் ஹர்திக் சிங்குக்குத் தொடைத் தசையில் காயம். அதற்கு முந்தைய ஆட்டத்தில்தான் ஸ்பெயினுக்கு எதிராகத் தனியாகப் பந்தை எடுத்துப் போய் கோல் அடித்திருந்தார். அவர் போன பிறகு நடுவில் ஆள் பஞ்சமா? மன்பிரீத் சிங், விவேக் சாகர் பிரசாத், நீலகண்ட சர்மா எல்லோரும் இருந்தார்கள், அனுபவத்திலும் குறைவில்லை. புவனேஸ்வரில் நியூசிலாந்துக்கு எதிராக 3-1 என்று முன்னால் இருந்தோம், 3-3 ஆகி, சமநிலையை முடிவு செய்யும் ஷூட்அவுட்டில் தோற்று வெளியே வந்தோம். தோல்விக்கு அது ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நடுவிலிருந்து பந்தை ஸ்டிக்கிலேயே வைத்துக்கொண்டு எதிராளியின் டி வரைக்கும், அதாவது கோலுக்கு முன்னால் உள்ள அரைவட்டம் வரைக்கும், போகிற அந்த ஓட்டம் ஹர்திக்கோடு போய்விட்டது. மற்றவர்கள் நல்ல ஆட்டக்காரர்கள், ஆனால் அவர்களுடைய வேலை வேறு.

அதனால் முதலில் உங்கள் பாலிடெக்னிக் பையன் என்னென்ன வேலை செய்கிறான் என்று பிரித்து எழுதுங்கள். பின்வரிசையில் நிற்கும் ஃபுல்பேக்குகளுக்கு முன்னால் மறைப்பாக நிற்பது ஒன்று. பந்தை வாங்கித் திருப்பி ஃபார்வர்டுக்குக் கொடுப்பது இன்னொன்று. இரண்டையும் ஒரே மாற்று ஆள் செய்ய வேண்டும் என்று யார் சொன்னது?

அப்புறம், உள்ளே போன பையனையே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். உங்கள் ஃபுல்பேக்குகளைப் பாருங்கள். அவன் கேட்கும்போது பந்தை நடுவில் கொடுக்கிறார்களா, இல்லை சைடுலைன் பக்கமாகத் தள்ளிவிடுகிறார்களா? நம்பிக்கை இல்லாத ஆள் நடுவில் நின்றால் ஃபுல்பேக் கொடுக்க மாட்டான். ஸ்டிக்கைத் தூக்குவான், ஒரு நொடி யோசிப்பான், பிறகு ஓரமாக அடிப்பான். ஓரமாக வரும் பந்தைப் பிடிப்பது எதிரணிக்கு சுலபம், லைனே அவர்களுக்கு இன்னொரு டிஃபெண்டர் மாதிரி. நீங்கள் சொன்ன "ஆட்டமே எங்கள் பாதியில்" என்பது அங்கேதான் ஆரம்பித்திருக்கும். உள்ளே போன பையன் தப்பு செய்யாததற்கும் அதுதான் காரணம். அவனுக்குப் பந்தே வந்திருக்காது.

பயிற்சி ஆட்டத்தில் ஒரு முழு குவார்ட்டர், 15 நிமிடம், முதல் ஆளை வேண்டுமென்றே உட்கார வையுங்கள். ஃபுல்பேக் கையிலிருந்து நடுவுக்கு எத்தனை பந்து போகிறது என்று மட்டும் ஒருவரைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

நெய்வேலி ரசிகர்:

அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பெனால்டி கார்னரை, அதாவது டிக்குள் தவறு செய்தால் எதிரணிக்குக் கிடைக்கும் கோல் வாய்ப்பை, மறந்துவிடாதீர்கள். பாரிஸ் 2024 ஒலிம்பிக் காலிறுதியில் பிரிட்டனுக்கு எதிராக அமித் ரோஹிதாஸுக்கு 17ஆவது நிமிடத்தில் சிவப்பு அட்டை. பத்துப் பேரோடு தாக்குப்பிடித்து ஷூட்அவுட்டில் ஜெயித்தோம். ஆனால் தடை காரணமாக அரையிறுதியில் அவர் இல்லை. ஜெர்மனியிடம் 2-3. ரோஹிதாஸ் டிஃபெண்டர் மட்டும் இல்லை, எதிரணி கார்னர் அடிக்கும்போது தடுக்க முதலில் பாய்ந்து ஓடுகிற ஆள். ஜெர்மனியின் முதல் கோல் கார்னரில் பெய்லட் அடித்தது. உங்கள் சென்டர் ஹாஃப் கார்னரில் என்ன செய்கிறான்? அவன் வெளியே போனால் எத்தனை இடம் காலியாகிறது?

இன்னொன்று, 2023இல் ஹர்திக்குக்குப் பதிலாக வந்த ராஜ்குமார் பால்தான் பாரிஸில் அந்த ஷூட்அவுட்டின் கடைசி கோலை அடித்தவர். பெஞ்சில் உள்ள பையன்களிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

மஞ்சக்குப்பம் கோச்:

அண்ணே, நீங்கள் சொன்னபடியே செய்து பார்த்தேன். அசந்துவிட்டேன். ரைட் ஹாஃப் பையன் நடுவில் நின்றபோது எங்கள் ஃபுல்பேக்குகள் நடுவுக்குக் கொடுக்கவே இல்லை. பிளஸ் டூ பையனுக்குக் கொடுத்தார்கள், அவனும் இரண்டு பேரைத் தாண்டிவிட்டுப் பந்தை இழந்தான். நெல்லிக்குப்பம் பையனுக்குத்தான் தயங்காமல் கொடுத்தார்கள்! காரணம் நேரில் பார்த்த பிறகுதான் தெரிந்தது. அவன் ஒரே இடத்தில் நிற்பதில்லை. எதிராளியின் நிழலை விட்டு இரண்டடி பக்கவாட்டில் விலகி, ஸ்டிக்கைத் தரையில் வைத்துக் காட்டுகிறான். ஃபுல்பேக்குக்கு வழி கண்ணுக்குத் தெரிகிறது.

ஆனால் டேக்கிளில் அவனைத் தள்ளிவிட்டுப் போய்விடுகிறார்கள். நெய்வேலி நண்பர் கேட்டதற்கும் பதில்: பாலிடெக்னிக் பையன்தான் எங்கள் கார்னரில் பந்தை நிறுத்தித் தரும் ஸ்டாப்பரும், எதிரணி கார்னரில் முதலில் பாய்ந்து ஓடும் ரஷ்ஷரும். இரண்டுக்கும் வேறு ஆள் பழகவே இல்லை.

உப்பளத்துப் பழைய ஆட்டக்காரர்:

அப்படியென்றால் வழி தெரிந்துவிட்டது, தம்பி. முதல் ஆள் ஓய்வுக்கு வரும்போது சின்னப் பையனும் ரைட் ஹாஃபும் சேர்ந்து உள்ளே போகட்டும். ஒருவன் மறைப்பு, ஒருவன் பாஸ். ரோலிங் சப்ஸ்டிடியூஷன் இருக்கும்போது எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம், நாலைந்து நிமிடம் தாங்கினால் போதும். பிளஸ் டூ பையனை முன்னால் இன்சைடில், அதாவது முன்வரிசையின் உள்பக்க இடத்தில், போடுங்கள், அங்கே பந்தை இழந்தாலும் பின்னால் ஆள் இருக்கிறது. ஸ்டாப்பிங்கை இன்றைக்கே இன்னொருவனுக்குப் பழக்குங்கள், போட்டிக்கு முந்தின வாரம் ஆரம்பித்தால் கை படியாது.

ஒரே ஒரு பயம். உங்கள் மண் தரையில் பந்து குதித்து, வேகம் குறைந்து வரும். சின்னப் பையனுக்கு யோசிக்க நேரம் கிடைக்கிறது. டர்ஃபில் அந்த நேரம் இருக்காது. போட்டிக்கு முன்னால் ஒரு தடவையாவது டர்ஃபில் ஆடவிட்டு, இதே கணக்கை மறுபடி எடுங்கள். அங்கேயும் ஃபுல்பேக்குகள் அவனுக்குக் கொடுத்தால் பட்டியலில் அவன் பெயரை இரண்டாவதாக எழுதிவிடுங்கள்.